டிரெய்லர் இழுக்க ஆக்சில் பல்சக்கரத்தை மாற்றலாமா?

வாகனம்: வாசகர் கேள்வி – பதில்

பயண டிரெய்லர்களைப் பற்றி இந்தப் பகுதியில் எழுதிய பிறகு அமெரிக்காவிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே கேள்வியைச் சுற்றியே இருந்தன. டிரெய்லரைப் பூட்டியதும் பிக்கப் வண்டி ஏற்றத்தில் திணறுகிறது, ஆக்சிலின் பல்சக்கரத்தை மாற்றினால் சரியாகிவிடும் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள், மாற்றலாமா, வேண்டாமா? செலவும் உழைப்பும் அதிகம் பிடிக்கும் வேலை என்பதாலும், சிலருக்கு அது உண்மையான தீர்வாகவும் வேறு சிலருக்கு வீண் செலவாகவும் முடியும் என்பதாலும், இந்த இதழின் பக்கங்களை முழுவதுமாக இதற்கே ஒதுக்கியிருக்கிறேன். ஆக்சிலுக்குள் ஒன்றோடொன்று கோத்துச் சுழலும் பெரிய, சிறிய பல்சக்கரங்களின் இணையை அமெரிக்கப் பட்டறைகளில் ‘ரிங் அண்ட் பினியன்’ என்றும், நம் ஊர் லாரிப் பட்டறைகளில் ‘கிரவுன் பினியன்’ என்பார்கள். அந்தச் சொல்லையே இங்கும் பயன்படுத்துகிறேன்.

கேள்வி: என்னிடம் 2003ஆம் ஆண்டின் செவர்லே சில்வராடோ 1500 இருக்கிறது. 5.3 லிட்டர் என்ஜின், நான்கு கியர் ஆட்டோமேட்டிக், நான்கு சக்கர இயக்கம், 3.42 ஆக்சில். 6,000 பவுண்டு எடையுள்ள டிரெய்லருடன் டென்வரிலிருந்து மேற்கே ஐ-70 சாலையில் மலை ஏறும்போது மூன்றாவது கியரில் வண்டி சோர்ந்துபோகிறது, இரண்டாவதுக்கு இறங்கினால் என்ஜின் அலறுகிறது. 4.10 போடச் சொல்கிறார்கள். பயன் தருமா?
– ஒரு வாசகர், கொலராடோ ஸ்பிரிங்ஸ்

பயன் தரும். ஆனால் எந்த இடத்தில் பயன் தரும், எந்த இடத்தில் தராது என்பதைத் தெரிந்துகொண்டு செலவழித்தால்தான் பின்னால் ஏமாற்றம் இருக்காது.

பெரிய சக்கரமான கிரவுனின் பற்களின் எண்ணிக்கையை, சிறிய சக்கரமான பினியனின் பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பதுதான் ஆக்சில் விகிதம். கிரவுனில் 41 பல், பினியனில் 12 பல் என்றால் 3.42, அதே 41 பல்லுக்குப் பினியனில் 10 பல் என்றால் 4.10. அதாவது சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் முன்னது என்ஜின் பக்கத் தண்டை 3.42 சுற்றும், பின்னது 4.10 சுற்றும் சுழல வைக்கிறது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ 20 சதவீதம் வேறுபாடு. எந்தக் கியரில் இருந்தாலும் சக்கரத்துக்குப் போய்ச் சேரும் முறுக்குவிசை 20 சதவீதம் கூடும். அதே வேகத்துக்கு என்ஜின் 20 சதவீதம் கூடுதலாகச் சுழலும். இந்த மாற்றத்தில் நடப்பது இவ்வளவுதான். என்ஜினுக்குள் ஒரு குதிரைத்திறன்கூடப் புதிதாகப் பிறப்பதில்லை.

என்ஜின் சுழற்சியைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. மணிக்கு எத்தனை மைல் என்பதை ஆக்சில் விகிதத்தாலும், கியர் விகிதத்தாலும், 336 என்ற எண்ணாலும் பெருக்கி, டயரின் விட்டத்தை அங்குலத்தில் எடுத்து அதனால் வகுக்க வேண்டும். உங்கள் வண்டியில் 245/75 அளவில் 16 அங்குல வளையத்துக்கான டயர் இருந்தால் அதன் விட்டம் ஏறத்தாழ 30.5 அங்குலம். உங்கள் 4எல்60ஈ கியர்பெட்டியின் நான்கு விகிதங்கள் 3.06, 1.63, 1.00, 0.70. இதில் உங்கள் தொல்லையின் வேர் தெளிவாகத் தெரிகிறது. இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே 1.63 இலிருந்து 1.00 வரை ஒரே தாவல். இடையில் கால் வைக்கப் படியே இல்லை. மணிக்கு 65 மைலில் மூன்றாவது கியரில் என்ஜின் நிமிடத்துக்கு 2,450 சுற்றில் ஓடுகிறது. அங்கே சக்தி போதவில்லை என்றால் அடுத்த இடம் 3,990 சுற்று. நீங்கள் ‘சோர்வு’ என்றும் ‘அலறல்’ என்றும் எழுதியிருப்பவை இந்த இரண்டு எண்களைத்தான்.

4.10 போட்டால் அதே 65 மைலில் மூன்றாவது கியர் ஏறத்தாழ 2,940 சுற்றில் ஓடும். குதிரைத்திறன் என்பது முறுக்குவிசையைச் சுழற்சியால் பெருக்கி 5,252ஆல் வகுத்தால் கிடைப்பது. என்ஜின் அந்தப் பகுதியில் ஒரு பேச்சுக்கு 300 பவுண்டு-அடி முறுக்குவிசை தருகிறது என்று வைத்துக்கொண்டால், 2,450 சுற்றில் 140 குதிரைத்திறனும் 2,940 சுற்றில் 168 குதிரைத்திறனும் கிடைக்கும். மூன்று, நான்கு சதவீதச் சரிவுள்ள நீண்ட ஏற்றங்களில் இந்த 28 குதிரைத்திறன்தான் வண்டி மூன்றாவதிலேயே நிற்குமா, இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையே ஊசலாடுமா என்பதைத் தீர்மானிக்கிறது. அப்படி ஊசலாடும்போது கியர்பெட்டி எண்ணெய் சூடாகிறது. இந்த வகைப் பழைய கியர்பெட்டிகளின் ஆயுளைக் குறைப்பதில் சூட்டுக்கு நிகர் வேறில்லை. புறப்படும்போதும் வேறுபாட்டை உணர்வீர்கள்: முதல் கியரையும் ஆக்சிலையும் சேர்த்துப் பெருக்கினால் இப்போது 10.5, மாற்றியபின் 12.5.

இனிப் பயன் தராத இடம். ஐ-70 சாலையில் ஈசன்ஹோவர் சுரங்கம் கடல்மட்டத்திலிருந்து 11,000 அடிக்கு மேல் இருக்கிறது. டர்போ இல்லாத என்ஜின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் தோராயமாக 3 சதவீதம் சக்தியை இழக்கும் என்பது பொதுக் கணக்கு. அந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது. உங்கள் வண்டியும் டிரெய்லரும் குடும்பமும் சேர்ந்து 11,500 பவுண்டு என்று கொள்வோம். 7 சதவீதச் சரிவில் மணிக்கு 55 மைலில் அந்த எடையை மேலே தூக்குவதற்கு மட்டுமே ஏறத்தாழ 118 குதிரைத்திறன் சக்கரத்தில் வேண்டும். காற்றின் எதிர்ப்பும் டயரின் உராய்வும் தனி. மெலிந்த காற்றில் உங்கள் என்ஜினால் தர முடிவது அதன் விளிம்பில்தான் நிற்கும். எந்தப் பல்சக்கரத்தைப் போட்டாலும் இந்தக் கணக்கு மாறாது. அந்தக் கடைசி மைல்களில் இரண்டாவது கியரில், வலது ஓரத் தடத்தில், 45 மைலில் அமைதியாக ஏறுவதே உங்கள் வண்டிக்கு ஏற்ற முறை. 3,500, 4,000 சுற்றில் ஓடும் சத்தத்துக்கும் பயப்பட வேண்டியதில்லை. உங்கள் என்ஜினின் உச்ச முறுக்குவிசையே 4,000 சுற்றில்தான் வருகிறது.

என் கருத்து: வண்டியை இன்னும் பல ஆண்டுகள் வைத்திருந்து, ஆண்டுக்குப் பல முறை டிரெய்லர் இழுப்பதாக இருந்தால் 4.10 போடுங்கள். நடுவே 3.73 என்று ஒன்று இருக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது 9 சதவீத மாற்றம் மட்டுமே, அதற்காக இரண்டு ஆக்சிலையும் பிரிப்பது தகாது. ஆம், இரண்டு ஆக்சிலையும்தான். நான்கு சக்கர இயக்கத்தில் முன்னும் பின்னும் விகிதம் ஒன்றாக இல்லையென்றால், பிடிப்புள்ள தரையில் நான்கு சக்கரத்தையும் இணைத்த மாத்திரத்தில், முன், பின் ஆக்சில்களுக்குச் சக்தியைப் பிரித்தனுப்பும் பகிர்வுப் பெட்டி முறுக்கேறி உடையத் தொடங்கும். இதற்கு முன், கியர்பெட்டி எண்ணெய்க்குக் கூடுதல் குளிர்விப்பான் இல்லையென்றால் முதலில் அதைப் பொருத்துங்கள். செலவு மிகக் குறைவு, பயன் உடனே தெரியும்.

கேள்வி: பழைய வண்டி வாங்கினேன். அதில் எந்த விகிதம் இருக்கிறது என்று பிரிக்காமல் தெரிந்துகொள்ள முடியுமா?
– ஒரு வாசகி, அட்லாண்டா

முடியும். பழைய ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளில் கையுறைப் பெட்டிக்குள் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருப்பார்கள், அதில் ஜி.யு.6 என்றிருந்தால் 3.42, ஜி.டி.4 என்றால் 3.73, ஜி.டி.5 என்றால் 4.10. ஃபோர்டு வண்டிகளில் ஓட்டுநர் பக்கக் கதவுத் தூணிலுள்ள ஸ்டிக்கரில் ஆக்சிலுக்கென்று ஒரு குறியீடு இருக்கும். பழைய ஃபோர்டுகளில் டிஃபரன்ஷியல் (இரு பக்கச் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துத் தரும் அமைப்பு) மூடியின் போல்ட்டில் ஒரு தகரத் துண்டு தொங்கும், அதில் ‘3எல்73’ என்பது போலப் பொறித்திருந்தால் விகிதம் 3.73, நடுவிலுள்ள எழுத்து சக்கரச் சறுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல் என்பதற்கான அடையாளம்.

ஆனால் முந்தைய உரிமையாளர் மாற்றியிருந்தால் ஸ்டிக்கர் பழைய எண்ணையே காட்டும். ஐயம் இருந்தால் எண்ணிப் பார்ப்பதே உறுதி. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, சாதாரண டிஃபரன்ஷியலாக இருந்தால் பின்சக்கரங்களில் ஒன்றை மட்டும் தூக்கித் தாங்கியில் நிறுத்துங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, தூக்கிய சக்கரத்தைக் கையால் சரியாக இரண்டு சுற்று சுற்றி, அதற்குள் கியர்பெட்டியிலிருந்து ஆக்சிலுக்கு வரும் நீள்தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்று சாக்பீஸ் அடையாளம் வைத்து எண்ணுங்கள். மூன்று சுற்றும் முக்காலுக்குச் சற்றுக் குறைவாகவும் வந்தால் 3.73; நாலு சுற்றுக்குக் கொஞ்சம் மேல் வந்தால் 4.10.

கேள்வி: 2019 ராம் 1500, 5.7 லிட்டர் ஹெமி என்ஜின், எட்டு கியர், 3.21 ஆக்சில். அதே வண்டிக்கு 3.92 ஆக்சில் இருந்தால் இழுவைத் திறன் 8,000 சொச்சத்திலிருந்து 11,000 பவுண்டுக்கு மேல் போகிறது என்று நிறுவனத்தின் அட்டவணை சொல்கிறது. 9,000 பவுண்டு டிரெய்லர் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். கிரவுன் பினியனை மாற்றிவிட்டால் அதை இழுக்கலாம் அல்லவா?
– ஒரு வாசகர், ஹூஸ்டன்

இதுதான் கடிதங்களில் அதிகம் வந்த கேள்வி. இதற்கான பதிலைத்தான் நான் மிகவும் கவனமாகச் சொல்ல வேண்டும்.

அட்டவணை பொய் சொல்லவில்லை. இழுவைத் திறனை அளக்கும் ஜே2807 என்ற பொதுத் தரநிலையை டொயோட்டா தன் டண்ட்ரா வண்டிக்கு 2011ஆம் ஆண்டு மாதிரியிலேயே ஏற்றுக்கொண்டது. மற்றவர்கள் பின்னர் வந்து சேர்ந்தார்கள். அதில் ஒரு சோதனை, அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே 11 மைலுக்கு மேல் நீளும் ஏற்றத்தை, 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், குளிர்சாதனம் முழு வேகத்தில் ஓட, சாதாரணப் பிக்கப்பாக இருந்தால் மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் ஏறுவது. இன்னொன்று, 12 சதவீதச் சரிவில் முழுச் சுமையுடன் நின்று, ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை முன்னோக்கியும், அதேபோல் பின்னோக்கியும் நகர்ந்து காட்டுவது. இரண்டாவது சோதனையில் ஆக்சில் விகிதம் நேரடியாகத் தன் வேலையைக் காட்டும். எனவே 3.92க்கு அதிக எண் கிடைப்பதில் வியப்பில்லை.

ஆனால் அந்த எண், ஆலையிலிருந்து அப்படியே வெளிவந்த வண்டிக்கு, அதன் குளிர்விப்பு, ஸ்பிரிங், கொக்கி, பிரேக், கணினி நிரல் எல்லாம் சேர்ந்த முழுமைக்கு வழங்கப்பட்டது. நீங்கள் வெளியே மாற்றிய கிரவுன் பினியனுக்காக எந்த நிறுவனமும் உங்கள் வண்டியின் எண்ணை உயர்த்தித் தராது. கதவுத் தூணிலுள்ள ஸ்டிக்கர் மாறாது. விபத்தொன்று நேர்ந்து யாராவது கேள்வி கேட்டால், 3.21க்கு அச்சிட்ட எண்தான் உங்கள் எண்.

அதைவிட முக்கியமான ஒன்று உங்கள் கடிதத்தில் இல்லை. அதே கதவுத் தூணில், பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். உங்களுடையதைப் போன்ற 1500 வகையான ‘அரை டன்’ பிக்கப்புகளில் பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது இந்தக் கணக்குத்தான். உங்கள் ஸ்டிக்கரில் 1,450 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். பயண டிரெய்லரின் எடையில் 10 முதல் 15 சதவீதம் கொக்கியின் மேல் உட்காரும். 9,000 பவுண்டில் நடுவாக 12.5 சதவீதம் எடுத்தால் 1,125 பவுண்டு. எடையைப் பகிரும் கொக்கி அமைப்பு 100 பவுண்டு. நான்கு பேர் கொண்ட குடும்பம் 600 பவுண்டு. மொத்தம் 1,825. பின்பெட்டியில் ஒரு தண்ணீர்க் கேன்கூட வைப்பதற்கு முன்பே 375 பவுண்டு மிஞ்சிவிட்டீர்கள். கொக்கியின் மேல் எடை போதாமல் டிரெய்லரின் பின்புறம் கனத்தால் அது சாலையில் வாலாட்டத் தொடங்கும் என்பதால், அந்த 1,125ஐக் குறைத்து வைத்துத் தப்பிக்கவும் வழியில்லை. 3.92 இந்த 375 பவுண்டில் ஒரு பவுண்டைக்கூடச் சுமக்காது.

சரி, எடை எல்லைக்குள் இருக்கும் ஒரு டிரெய்லரைத் தேர்ந்தெடுத்தபின், வண்டி சுலபமாக இழுப்பதற்காக மட்டும் மாற்றலாமா? அங்கேயும் எனக்குத் தயக்கம் உண்டு. உங்கள் எட்டுக் கியர் பெட்டியின் முதல் கியர் 4.71. அதை 3.21ஆல் பெருக்கினால் 15.1. கொலராடோ வாசகர் தம் பழைய சில்வராடோவில் 4.10 போட்டபிறகும் அவருக்குக் கிடைக்கப்போவது 12.5 மட்டுமே. அவர் பெருஞ்செலவு செய்து அடையப்போகும் நெம்புகோல் வலிமையைவிட அதிகமானது உங்கள் வண்டியில் ஏற்கெனவே இருக்கிறது. ‘டிரெய்லர் இழுக்க 4.10க்குக் குறையக் கூடாது’ என்ற வழக்கு மூன்று, நான்கு கியர்கள் இருந்த காலத்தில் உருவானது. அன்று அது சரியான அறிவுரை. இன்று எட்டு, பத்து கியர்கள் உள்ள வண்டிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

சாலை வேகத்திலும் பாருங்கள். 32 அங்குல டயர், மணிக்கு 65 மைல் என்றால், 3.92 உடன் ஏழாவது கியரில் என்ஜின் ஏறத்தாழ 2,250 சுற்றில் ஓடும். உங்கள் 3.21 உடன் ஆறாவது கியரில் ஓடினால் 2,190. கிட்டத்தட்ட ஒரே இடம். டிரெய்லருக்கான இயக்கமுறைப் பொத்தானை அழுத்தி, உயர்ந்த கியர்களை ஸ்டீயரிங்கிலுள்ள பொத்தானால் தடுத்துவிட்டால், 3.92 வைத்திருப்பவர் ஒரு கியர் மேலே செய்யும் அதே வேலையை நீங்கள் ஒரு கியர் கீழே செய்கிறீர்கள். முதல் கியரில் மட்டும் அவருக்கு 18.5, உங்களுக்கு 15.1, படகு இறக்கும் ஈரச் சரிவிலிருந்து கனமான டிரெய்லரை அடிக்கடி மேலே இழுப்பவருக்கு அந்த வேறுபாடு பெறுமதியானது, சமவெளியான ஹூஸ்டனில் குடியிருந்து கோடையில் இரண்டு முறை முகாமுக்குப் போகிறவருக்கு அவ்வளவாக இல்லை.

9,000 பவுண்டு டிரெய்லர்தான் வேண்டும் என்று குடும்பம் முடிவு செய்திருந்தால், கிரவுன் பினியனுக்குச் செலவழிக்கும் பணத்தை இதற்கு அடுத்த கனமான வகையான ‘முக்கால் டன்’ (2500) வண்டிக்கு மாறுவதற்கு எடுத்துவையுங்கள். டிரெய்லரை இன்னும் வாங்கவில்லை என்பது நல்ல வேளை. 6,500 பவுண்டுக்குள் நிற்கும் ஒன்றை ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கேள்வி: மாற்றுவது என்று முடிவெடுத்துவிட்டேன். பட்டறையில் என்ன கேட்க வேண்டும்? வேலை சரியாகச் செய்யப்பட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?
– ஒரு வாசகர், சார்லட்

இந்தக் கேள்விக்கு நான் என் சொந்தப் பணத்தைச் செலவழித்துப் பதில் கற்றேன். பல ஆண்டுகளுக்கு முன் என் பிக்கப்பில் 4.10 மாற்றிக்கொண்டு வந்த மறுநாளே, மணிக்கு 50 மைலில் ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்தவுடன் பின்னாலிருந்து நீண்ட ஊளைச் சத்தம் ஒன்று வந்தது. புதுப் பல் அப்படித்தான் பாடும், ஓடஓடச் சரியாகும் என்று பட்டறையில் சொன்னார்கள். நம்பி மூவாயிரம் மைல் ஓட்டினேன். சத்தம் கூடிக்கொண்டே போனது. வேறு ஒருவரிடம் பிரித்துப் பார்த்தபோது பற்களின் விளிம்பு ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தது. பினியன் உட்காரும் ஆழம் தவறு. புது இணை ஒன்று வாங்கி முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று. சரியாகப் பொருத்திய கிரவுன் பினியன் முதல் நாளிலேயே அமைதியாக இருக்கும். ஊளையிட்டால் உடனே திருப்பிக் கொண்டுபோங்கள்.

பொருத்துவதில் நான்கு அளவுகள் ஒன்றோடொன்று பிணைந்திருக்கின்றன. பினியன் எவ்வளவு ஆழத்தில் உட்காருகிறது என்பதை மெல்லிய தகட்டு வளையங்களால் ஒழுங்கு செய்வார்கள். பினியன் பேரிங்குகளின் இறுக்கத்தைப் பெரும்பாலான ஆக்சில்களில் நசுங்கும் குழல் ஒன்று தீர்மானிக்கிறது. அதை ஒருமுறைதான் நசுக்கலாம், அளவு தாண்டிவிட்டால் புதிது போட்டே ஆக வேண்டும். அடுத்தது பல்லுக்கும் பல்லுக்கும் இடையிலான தளர்வு; பொதுவாக அங்குலத்தில் ஆயிரத்தில் 6 முதல் 10 பங்கு. கடைசியாகக் கிரவுனைத் தாங்கும் பேரிங்குகளின் இறுக்கம். இவற்றை முடித்தபின் பற்களில் சாயக்குழம்பைத் தடவிச் சுற்றிப் பார்த்தால், பல் எங்கே உரசுகிறது என்பது தடமாக விழும். அந்தத் தடம் பல்லின் உயரத்தில் நடுவில் இருக்க வேண்டும். தடத்தைப் படம் எடுத்துத் தரும்படியும், அளந்த தளர்வை ரசீதில் எழுதித் தரும்படியும் முன்கூட்டியே கேளுங்கள். தயங்காமல் சம்மதிக்கும் பட்டறையிடம் வேலையைக் கொடுங்கள். பேரிங்குகள், சீல், பினியன் நட் எல்லாம் புதிதாகப் போடப்பட வேண்டும். பழைய பேரிங்கை வைத்து மிச்சப்படுத்தும் பணம் மிச்சமே அல்ல.

விலை பேசும் முன், உங்கள் ஆக்சிலுக்குப் புதிய விகிதம் அதே கேரியரில் (கிரவுன் பூட்டியிருக்கும் கூடு) உட்காருமா என்று கேளுங்கள். விகிதம் கூடக்கூடப் பினியனின் தலை சிறுத்துப்போவதால், கிரவுன் அதை எட்டிப் பிடிக்கச் சில ஆக்சில்களில் வேறு கேரியர் தேவைப்படும். டானா 44 ஆக்சிலில் 3.73 வரை ஒரு கேரியர், 3.92 முதல் மேலே வேறொன்று; டானா 60இல் அந்த எல்லை 4.10க்கும் 4.56க்கும் இடையே. தெரியாமல் ஒப்பந்தம் பேசினால் நடுவில் செலவு எகிறும். சில வேளைகளில், வேண்டிய விகிதத்தோடு அதே வகை வண்டியிலிருந்து கழற்றிய முழு ஆக்சில் ஒன்றைப் பழைய இரும்புக் கடையில் வாங்கி மாற்றுவது மலிவாக முடியும். ஆலையில் பொருத்திய பல்லை யாரும் தொடாதது அதிலுள்ள நன்மை.

வண்டியின் கணினிக்கும் புதிய விகிதத்தைச் சொல்லித் தர வேண்டும். இல்லையென்றால் கியர் மாறும் நேரம் தவறும். பல வண்டிகளில் வேகமானியும், சறுக்கல் தடுப்பும்கூடக் குழம்பும். இதை யார் செய்வார்கள், அதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

வண்டி கைக்கு வந்தபிறகுள்ள பொறுப்பு உங்களுடையது. முதல் நாள் 15, 20 மைல் மெதுவாக ஓட்டி, ஆக்சில் முழுவதும் ஆறும் வரை அரை மணி நேரமாவது நிறுத்துங்கள். முதல் 500 மைலுக்கு டிரெய்லர் பூட்ட வேண்டாம். 500ஆவது மைலில் எண்ணெயை வடித்துப் புதிது ஊற்றுங்கள். வடித்த எண்ணெயில் மெல்லிய மினுமினுப்பு இருப்பது இயல்பு, துண்டு துண்டாக இரும்பு இருந்தால் இயல்பல்ல. பிறகு முதல் சில முறை டிரெய்லரோடு குறுந்தொலைவு மட்டும் போய், ஆறவிட்டுத் திரும்புங்கள். புதுப் பல்லை ஒரே நாளில் சுட்டெரித்துவிட்டால் பின்னர் எந்த எண்ணெயாலும் அதைக் காப்பாற்ற முடியாது. கனமான இழுவைக்குப் பல நிறுவனங்கள் 75டபிள்யூ-140 செயற்கை எண்ணெயைப் பரிந்துரைக்கின்றன. உங்கள் கையேடு எதைச் சொல்கிறதோ அதையே ஊற்றுங்கள்.

கேள்வி: 31 அங்குல டயரை எடுத்துவிட்டு 35 அங்குலம் போட்டேன். அன்றிலிருந்து சிறு படகு டிரெய்லரைக்கூட இழுக்கச் சிரமப்படுகிறது. என்ஜின் கெட்டுவிட்டதா?
– ஒரு வாசகர், சாக்ரமெண்டோ

என்ஜின் கெடவில்லை. டயரின் விட்டம் கூடினால் ஒவ்வொரு சுற்றிலும் வண்டி கூடுதல் தூரம் போகிறது. அதனால் உங்கள் 3.73 ஆக்சில் இப்போது 3.30 போல நடந்துகொள்கிறது. பழைய நிலைக்குத் திரும்ப 3.73ஐ 35ஆல் பெருக்கி 31ஆல் வகுத்தால் 4.21 வருகிறது. உங்கள் ஆக்சிலுக்கு 4.10 கிடைத்தால் பழைய நிலைக்குச் சற்றுக் கீழே நிற்பீர்கள், 4.56 போட்டால் டிரெய்லருக்கு நல்லது, நெடுஞ்சாலையில் சத்தம் கூடும். பெரிய டயரின் எடை பிரேக்கின் மேலும் ஏறியிருக்கிறது, அதை எந்த விகிதமும் திருத்தாது. டிரெய்லர் இழுப்பதே முதன்மை என்றால் 31க்குத் திரும்பிவிடுவது மிகக் குறைந்த செலவுள்ள ‘கியர் மாற்றம்’.

கேள்வி: 6.7 லிட்டர் கம்மின்ஸ் டீசல், 3.42 ஆக்சில். 4.10க்கு மாற்றினால் நன்றாக இருக்குமா?
– ஒரு வாசகர், டல்லஸ்

வேண்டாம். உங்கள் என்ஜின் தன் உச்ச முறுக்குவிசையை 2,000 சுற்றுக்கும் கீழேயே தந்துவிடுகிறது. அதை வேகமாகச் சுழற்றுவதில் எரிபொருளும் சத்தமும்தான் கூடும். உங்கள் வண்டிக்கு அச்சிட்ட எல்லைக்குள் இழுக்கும் வரை 3.42ஐத் தொட வேண்டியதில்லை.

கேள்வி: கோக்கிஹாலா நெடுஞ்சாலையில் டிரெய்லருடன் அடிக்கடி போகிறோம். ஏறுவதைவிட இறங்குவதுதான் எனக்கு அச்சமாக இருக்கிறது. ஆக்சில் விகிதம் இறக்கத்திலும் உதவுமா? எரிபொருள் எவ்வளவு கூடும்?
– ஒரு வாசகி, சர்ரே, பிரிட்டிஷ் கொலம்பியா

இறக்கத்தைப் பற்றிக் கேட்ட ஒரே கடிதம் உங்களுடையது. ஏற்றத்தில் திணறினால் நேரம் போகும். இறக்கத்தில் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழந்துவிட்டால் நிறுத்த வழியே இருக்காது. ஹோப்பிலிருந்து மெரிட் போகும் அந்தச் சாலையில் 8 சதவீதச் சரிவுகள் இருக்கின்றன, ஓடிப்போன லாரிகள் ஏறி நிற்கச் சரளைத் தடங்களும் அமைத்திருக்கிறார்கள்.

ஆம், விகிதம் உதவும். ஏற்றத்தில் சக்கரத்துக்குப் போகும் விசையைப் பெருக்கும் அதே பல்சக்கரம், இறக்கத்தில் என்ஜினின் எதிர்ப்பையும் அதே அளவில் பெருக்கிச் சக்கரத்தைப் பிடித்து வைக்கிறது. 3.42 இலிருந்து 4.10க்குப் போனால் அதே கியரில் 20 சதவீதம் கூடுதல் பிடிப்பு. ஆனால் ஒரு கியர் இறங்கினால் கிடைக்கும் பிடிப்பு பெரும்பாலும் இதைவிட அதிகம். அதற்குச் செலவும் இல்லை. எனவே இறக்கத்துக்காக மட்டும் ஆக்சிலைப் பிரிக்காதீர்கள்.

எரிபொருளைப் பொறுத்தவரை, டிரெய்லர் இல்லாமல் ஓடும் நாள்களில்தான் இழப்பு தெரியும். ஏனெனில் அந்த நாள்களிலும் என்ஜின் கூடுதலாகச் சுழன்றுகொண்டே இருக்கும். டிரெய்லருடன் போகும்போது, முன்பு தாழ்ந்த கியரில் ஓடிய நேரத்தை இப்போது உயர்ந்த கியரில் ஓடுவதால் கணக்கு ஏறத்தாழ நேராகிவிடும். ஆண்டில் பத்து நாள் டிரெய்லரும் மீதி நாளெல்லாம் வேலைக்குப் போய்வருவதும் என்றால் அந்த இழப்பு உங்களுக்கு ஒத்துவராது.

அடுத்த முறை கோக்கிஹாலாவில் இறங்கும்போது இப்படிச் செய்து பாருங்கள். உச்சியைத் தாண்டுவதற்கு முன்பே, சமதரையில் வேகத்தைக் குறைத்து, ஏறும்போது எந்தக் கியரில் இருந்தீர்களோ அதற்கோ அதற்கும் ஒன்று கீழேயோ கையால் இறக்குங்கள். அந்தக் கியரில் என்ஜின் உங்கள் வேகத்தைப் பிடிக்கவில்லை என்றால், பிரேக்கைத் தொடர்ந்து மெல்ல அழுத்திக்கொண்டே வராமல், உறுதியாக ஒருமுறை அழுத்தி வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டுக் காலை முழுவதும் எடுத்துவிடுங்கள். தகடுகள் ஆற அவகாசம் கிடைக்கும். டிரெய்லரின் மின்பிரேக் கட்டுப்பாட்டுப் பெட்டியை அன்று ஏற்றிய சுமைக்கு ஏற்றபடி, வீட்டுத் தெருவிலேயே மணிக்கு 30, 40 கிலோமீட்டரில் சோதித்துச் சரிசெய்துகொள்ளுங்கள். போன பயணத்தின் அளவு இந்தப் பயணத்துக்குப் பொருந்தாது. கீழே ஹோப்பில் இறங்கியதும் முதலில் கிடைக்கும் நிறுத்தத்தில் ஓரமாக நின்று, தொடாமல் கையை மட்டும் நான்கு சக்கரங்களின் அருகிலும் டிரெய்லரின் சக்கரங்களின் அருகிலும் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒரு சக்கரம் மட்டும் மற்றவற்றைவிட அனலாக இருந்தால், அந்தப் பிரேக்கையும் பேரிங்கையும் பார்க்காமல் மேலே போகாதீர்கள்.